தலைக்குள்ள இருந்த மேஸ்திரி

சட்டையோட மூணாவது பொத்தானைக் கழட்டும்போதே அண்ணிக்காரி கை நனைஞ்சு போச்சு. குளிப்பாட்ட இன்னும் தண்ணியே ஊத்தல, வாளி ஓரமாத்தான் இருக்கு. செத்துக் கிடக்கிறவ அவ நாத்தனார். கல்யாணம் காட்சின்னு எதுவும் இல்லாம, லாண்டரியில இஸ்திரி போட்டே காலத்தை ஓட்டுனவ.

விரலை மோந்து பார்த்தா. பால்!

கால்மாட்டுல துண்டை நனைச்சுக்கிட்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி பார்த்துட்டா. அவ கண்ணுக்கா தப்பும்?

"என்னடி அநியாயம் இது? பிள்ளை பெறாதவளுக்கு..."

"வாயை மூடுங்கக்கா. மூளைக்கு அடியில பட்டாணி அளவுல ஒரு சுரப்பியாம், பிட்யூட்டரின்னு. உடம்புல மத்த சுரப்பிங்களுக்கெல்லாம் அதுதான் மேஸ்திரின்னாரு டாக்டர். வளர்றது, தூரமாகுறது, பால் ஊறுறது, எல்லாம் அது ஏவுனாத்தான். இவளுக்கு அதுல கட்டி. சும்மா சும்மா பாலுக்கு உத்தரவு போட்டிருக்கு. நேத்து அந்தக் கட்டிக்குள்ள ரத்தம் கசிஞ்சுதான்..."

"ஐயோ பாவமே! எத்தனை வருஷமாம்?"

அண்ணிக்காரி துணியை வாளியில முக்கிப் பிழிஞ்சா.

போன மாசம் டாக்டரும் இதையேதான் கேட்டார். நாத்தனார் தரையைப் பார்த்துக்கிட்டே, "இருபது வருஷத்துக்கு மேல இருக்கும்"னா. அந்த நிமிஷம் அண்ணிக்காரி காதுக்குள்ள ஒரு குழந்தை வீல்னு கத்துச்சு. இவ பெத்த பிள்ளைதான். பிரசவமாகி ஜன்னி கண்டு கிடந்தப்போ இவளுக்கு ஒரு சொட்டுப் பால் வரல. புட்டியை வச்சா பையன் துப்புவான். நாத்தனார் அள்ளிக்கிட்டுப் போய்க் கதவைச் சாத்துவா. அழுகை கப்சிப்னு அடங்கிடும். "தாலாட்டுனேன் அண்ணி, தூங்கிட்டான்"பா. தாலாட்டுலயா பிள்ளை கொழுகொழுன்னு ஆவான்? ஆனா இவ கேக்கல. கேட்டா, தன் பிள்ளை தனக்கில்லாம போயிடுவானோன்னு பயம். டாக்டர்கிட்ட போயிட்டு வந்த வழியிலயும் ரெண்டு பேரும் அதைப் பத்தி வாயே திறக்கல.

ஈரத்துணியால துடைச்சா. கை அழுந்துன எடத்துல மறுபடி ஒரு சொட்டு. உயிர் போயும் உத்தரவு நிக்கலயே! கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ பச்சைக் குழந்தை அழற மாதிரி இருந்துச்சு. கொஞ்சமாத் திறந்து பார்த்தா, தாடியும் மீசையுமா அவ பையன், சுவத்துல முகத்தைப் புதைச்சுக்கிட்டு நிக்கிறான்.

துணியை ரெண்டா மடிச்சு மார்ல வச்சு, நல்ல சட்டையாப் போட்டு விட்டா.

வேன் வந்துச்சு. பெட்டியை ஏத்துனதும் டிரைவர், "பக்கத்துல ஒருத்தர்தான் உக்காரலாம். ரொம்ப நெருங்குன சொந்தம் யாரு?"ன்னார்.

அண்ணிக்காரி புருஷன் படியில காலை வச்சார். அவ பின்னாலருந்து அவர் சட்டையைப் புடிச்சா.

"நீங்க எறங்குங்க. அவன் ஏறட்டும்."

"கூடப் பொறந்தவன் நான் இருக்கும்போது அவன் எதுக்குடி?"

"அவன் ஏறட்டும்ங்கிறேன்ல."

பையன் அம்மாவைப் பார்த்தான். தலையைக் குனிஞ்சு ஏறி, பெட்டி மேல கையை வச்சு உக்காந்தான்.

வேன் தெருமுனை திரும்புற வரைக்கும் புருஷன் முணுமுணுத்துக்கிட்டே இருந்தார். அவ குனிஞ்சு, வாசல்ல பையன் விட்டுட்டுப் போன செருப்பை ஜோடி சேர்த்து வச்சா.