ரோச் படித்த ஒரே வாக்கியம்

1

இந்தக் கதை என்னிடம் ஒரு பாரசீக வாக்கியமாகத்தான் வந்தது. அதுவும் இரண்டாம் கையாக. தொடக்கத்தை மூன்று தடவை எழுதிவிட்டேன். 'கடல் அன்று அமைதியாக இருந்த...' – வேண்டாம். தூத்துக்குடியை எழுதுகிறவர்கள் எல்லோரும் கடலில்தான் கடை விரிக்கிறார்கள். அலுத்துவிட்டது.

2

1976. ரோச்சுக்கு முப்பத்தொன்பது வயது, சங்கு குளிக்கிறவர். போன பருவத்தில் இடது காதின் சவ்வு கிழிந்தது. இனி மூழ்கினால் மற்றக் காதும் போகும் என்றார் டாக்டர். (இன்னொரு துயரம் சேர்த்துக் கட்டித் தர எனக்குத் தெம்பில்லை.) ஈரானில் பந்தர் அப்பாஸ் துறைமுகத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். அதை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

அங்கே எட்டு வருஷம் இருந்துவிட்டு வந்த காயல்பட்டினத்து ஹாமிது, ஒற்றை வாக்கியத்தை வைத்தே பாடம் நடத்தினார்.

"மன் கார் மீகொனம். மன்னா நான். கார்னா வேலை. மீகொனம்னா செய்யுதேன்."

"நம்மள மாதிரியே செய்யுதது கடைசில வருது, காக்கா" என்றார் ரோச். (காயல்பட்டினத்தில் காக்கா என்றால் அண்ணன்.)

"ஆமாலே. 'அம்'ல முடிஞ்சா நீ செய்யுத. முன்னால 'நெ' போட்டா செய்யமாட்ட."

"அது எதுக்கு? மாட்டேன்னு சொல்லவா அம்புட்டு தூரம் போறேன்?"

[ஹாமிது நல்லவரா, கமிஷன்காரரா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. இப்போதைக்கு நல்லவர். மாற்றி எழுதச் சோம்பலாக இருக்கிறது.]

3

லாட்ஜ் அறையில் ஈரானிய அதிகாரி; பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர். ரோச் வாக்கியத்தைப் பிசகாமல் சொன்னார். அதிகாரியின் முகம் மலர்ந்தது. வேலை உண்டு, மூன்று வருஷம், இடையில் ஊருக்கு வர முடியாது.

"ரெண்டு வருஷம்னு சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ரோச், மொழிபெயர்ப்பாளரிடம்.

முடியாது என்று அதிகாரி வருத்தத்தோடு தலையசைத்தார்.

மூன்றுக்கும் ரோச்சுக்குச் சம்மதம்தான். ஆனால் சங்குக் கடையில் முதல் பேச்சுக்குத் தலையாட்டுகிறவனை எங்கள் ஊரில் யாரும் மதிப்பதில்லை. எழுந்து நடக்க வேண்டும். வாசலைத் தாண்டுவதற்குள் கடைக்காரர் கூப்பிட வேண்டும். அதுதான் முறை. ரோச் எழுந்து நடந்தார்.

அதிகாரியும் எழுந்தார். தன் ஊர் மரியாதைப்படி நெஞ்சில் கைவைத்து, வாசல்வரை வந்து வழியனுப்பி, கதவை மெல்லச் சாத்தினார்.

4

மாடிப்படிக்குக் கீழே ஹாமிது காத்திருந்தார்.

"என்னலே, கெடச்சுதா?"

"நடந்து வந்துட்டேன். கூப்பிடல, காக்கா."

"வெளங்கும். அவரு என்ன சங்குக் கடையா வச்சிருக்காரு? ஏறிப் போயி மூணுக்குச் சரின்னு சொல்லு."

"நானாப் போயி நின்னா அஞ்சும்பாரு."

"போவலன்னா ஒம் பொண்டாட்டி என்ன சொல்லுவா?"

ரோச் ஒரு காலை முதல் படியில் வைத்தார்.

5

அதிகாரியே கதவைத் திறந்து கூப்பிட்டதாக ஒரு முடிவு எழுதினேன். அந்தச் சரக்கை நானே வாங்கமாட்டேன். ஹாமிது ஏறிப்போய்ப் பேசி முடித்ததாக இன்னொன்று; அப்போது ரோச் எதற்கு?

ரோச்சின் ஒரு கால் முதல் படியில் இருக்கிறது. அவரை ஏற்றுவதும் இறக்குவதும் உங்கள் பாடு. கொஞ்சம் சீக்கிரம் பாருங்கள். மேலே பாக்கி இருப்பது ஒரே ஆளுக்கான வேலை, வரிசையில் நாலு பேர் நிற்கிறார்கள்.