மூன்று நாள் பட்டினி

வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தில் சர்க்கரை தொண்ணூற்றாறு என்று தாளில் கண்டதும் பள்ளிப் பேருந்து ஓட்டுநருக்குத் தலைகால் புரியவில்லை. பரீட்சையில் தேறிய பிள்ளை மாதிரி மனைவியிடம் நீட்டினார். அவள் முகம் சுருங்கிவிட்டது.

போன மாதம் பள்ளியில் நடந்த முகாமில் நூற்றுப் பதினெட்டு. வியாதி இன்னும் வரவில்லை, வாசல்வரை வந்துவிட்டது என்றார் மருத்துவர். அதை அங்கேயே திருப்பி அனுப்ப அரசுக் காப்பீட்டில் இந்த வருடம் புது வசதி: ஓராண்டு வகுப்பு, உணவு ஆலோசனை, குழுவாக நடைப்பயிற்சி, எல்லாம் அட்டையிலேயே அடக்கம். ஆனால் முகாம் தாள் செல்லாது. இந்த மருத்துவமனையில் எடுக்கும் அளவு நூறுக்குக் குறைந்தால் இடமில்லை. இன்று ஐந்து மணியோடு பட்டியல் மூடுகிறது. அவருடைய அண்ணனும் ஓட்டுநர்தான். சர்க்கரை கண்ணைப் பறித்து, ஸ்டியரிங்கை விட்டு ஐந்து வருடமாகிறது.

“நீங்க நல்லா இருக்கீங்கண்ணே, உங்களுக்கு இது வேண்டாம்” என்றாள் கவுன்ட்டர் பெண், தோளில் பையை மாட்டியபடி.

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “டப்பா மூணு நாளா கழுவி வச்ச மாதிரி வந்துச்சே. யாருக்குக் கொடுத்தீங்க?”

அவர் உண்மையைச் சொல்லிவிட்டார். சர்க்கரை அதிகமிருந்தால் பட்டியலிலிருந்து பேரை அடித்துவிடுவார்கள் என்று நினைத்து, சாப்பாட்டைப் பேருந்து ஆயாவிடம் கொடுத்துவிட்டு, வெள்ளரிக்காயும் வெந்நீருமாக ஓட்டியிருக்கிறார். இரவில் பசியில்லை என்று புளுகியிருக்கிறார்.

“சேர்றதுக்கு முன்னாடியே கோர்ஸை முடிச்சிட்டாரும்மா இந்த மனுஷன்” என்றாள் மனைவி. சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

கவுன்ட்டர் பெண் சிரித்துவிட்டாள். பிறகு கடிகாரத்தைப் பார்த்தாள்; நாலு மணி பத்து நிமிடம். அவளுடைய வேலை நேரம் முடிந்திருந்தது. பை தோளிலிருந்து மேசைக்கு இறங்கியது. கடவுளின் கருணை சில சமயம் இவ்வளவு சத்தமில்லாமல்தான் இறங்குகிறது.

“மூணு மாச சராசரி பாக்குற டெஸ்ட் இருக்கு. அதையும் ஒத்துக்குவாங்க, அட்டையிலயே வரும். மூணு நாள் பட்டினி கிடந்து மூணு மாசத்தை ஏமாத்த முடியாதுண்ணே. கையை நீட்டுங்க.”

ரத்தத்தை எடுத்துக்கொண்டு ஆய்வகத்துக்குத் தானே ஓடினாள். ஓட்டுநர் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை கொஞ்சம் கூடியிருக்கணும் சாமி என்று வேண்டினார். இப்படி ஒரு வேண்டுதலை அந்தச் சாமி கேட்டிருக்குமா என்று தெரியவில்லை. நாலு ஐம்பத்திரண்டுக்கு அவள் படியேறி வந்தாள், மூச்சு வாங்க.

“ஆறு புள்ளி ஒண்ணு. அஞ்சு புள்ளி ஏழு இருந்தாலே போதும். சேர்த்தாச்சு.”

மனைவி அவளைக் கட்டிக்கொண்டாள். வரிசையில் இருந்தவர்கள் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

அன்றே முதல் நடை. மருத்துவமனை மதிலை ஒட்டி, முன்பின் தெரியாத பதினோரு பேர் கிளம்பினார்கள். ஓட்டுநர் எப்படியோ முன்னால் வந்துவிட்டார். திருப்பத்தில், பழக்க தோஷத்தில், வலது கையை நீட்டிச் சைகை காட்டினார். பின்னால் சிரிப்பு அலையாக எழுந்தது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் கையை நீட்டியபடியே திரும்பினார்கள்.