அத்தா செலவு

இறந்துபோன நாற்பத்து மூன்றாம் நாள் காலை ஆறு இருபதுக்கு, கமாலுதீன் திருவொற்றியூர் ஜெபசிங் கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு ஒரு டீ குடித்தார். பணம் குடும்பக் கணக்கிலிருந்துதான் போயிற்று. அந்தக் கணக்குக்குள் 'அத்தா செலவு' என்று பெயர் வைத்திருந்த உண்டியலிலிருந்து. மாலையில் இன்னொரு டீ, நடுவே ஷேர் ஆட்டோவுக்கு இருபது. அவர் மனைவி ஜெரினா வங்கியிலிருந்து வந்த மூன்று குறுஞ்செய்திகளையும் படித்துவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தாள்.

உண்டியல்களை ஏற்படுத்தியது மகள் நவ்ரீன். சம்பளம் மாதம் இருபதாம் தேதிக்குள் எங்கே போகிறதென்றே தெரியாமல் போய்க்கொண்டிருந்த காலத்தில், வங்கிச் செயலியில் அதை ஐந்தாகப் பிரித்துக் கொடுத்தாள்: வாடகை, மளிகை, கேஸ்-கரண்டு, காலேஜ், அத்தா செலவு. ஒன்றாம் தேதி பணம் தானாகவே பிரிந்து ஐந்திலும் விழும். கன்டெய்னர் யார்டில் கணக்கெழுதிக்கொண்டிருந்த கமாலுதீன் தன் பங்காக ஆயிரத்து ஐந்நூறு கேட்டார். அதற்கு மேல் ஒரு மாதமும் கேட்டதில்லை. எண்ணூர் விரைவுச் சாலையில் டிரெய்லர் அவரை அடித்த அன்று, நொறுங்கிய போனை போலீஸ்காரர் ஒரு பாலிதீன் கவரில் போட்டுக் கொடுத்தார். அது இன்னமும் அலமாரியில்தான் இருக்கிறது. அவர் சம்பளம் நின்ற பிறகும் ஜெரினா எந்த உண்டியலையும் மாற்றவில்லை. மாற்றுவதற்குச் செயலியைத் திறக்க வேண்டும். திறக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான். காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் பகல் முழுக்க ஐஸுக்குள் கை வைத்திருப்பவள் அவள். மரத்துப்போவது அவளுக்குப் புதிதல்ல.

வங்கியில் விசாரித்தாள். கவுன்ட்டர் பெண் பார்த்துவிட்டு, ரகசிய எண் சரியாக இருக்கிறது, போனும் அதே போன்தான், வேண்டுமானால் புகார் எழுதிக் கொடுங்கள் என்றாள். ஜெரினா பாரத்தை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள், எழுதவில்லை. நவ்ரீனுக்குத்தான் பொறுக்கவில்லை. "அத மூடிடும்மா. எவனோ துன்னுகினு கீறான்" என்றாள். அவளுக்கு அடுத்த பருவக் கட்டணம் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும், ஆயிரத்து முந்நூறு குறைந்தது. கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஜெரினாவின் பதினாலாயிரத்தில் வேறெங்கும் கை வைக்க இடமில்லை.

மாதக் கடைசியில் ஒரு காலை, கம்பெனி வேனுக்குக் கிளம்பியவள் ஜெபசிங் கடைக்குப் போனாள். ஜெபசிங் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், இருபது வருடமாக இங்கே கடை. ஆச்சரியமே இல்லாமல் சொன்னார்: "அண்ணன் தெனமும் வாராவக்கா. ஒண்ணும் பேசமாட்டாவ. டீயக் குடிச்சிட்டு, போனக் காட்டிட்டுப் போயிருவாவ." பெஞ்சின் கோடியில் கமாலுதீன் உட்கார்ந்திருந்தார். அதே யார்டு சட்டை, பையில் அதே இரண்டு பேனா. இளைக்கவுமில்லை, பருக்கவுமில்லை. ஜெரினா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நவ்ரீனுக்கு பீஸு கட்டணும். ஆயிரத்து முந்நூறு இடிக்குது."

அவர் டம்ளரைப் பார்த்தார். "எப்ப?"

"பத்தாந்தேதி."

"சரி."

அழுகை வரும் என்று அவள் நினைத்திருந்தாள், வரவில்லை. வூட்டுக்கு வாயேன் என்று சொல்லலாமா என்று யோசித்தாள். அதற்குள் முனையில் வேன் ஹாரன் அடித்தது. எழுந்து போய் ஏறிக்கொண்டாள். அன்று பதினெட்டு கிலோ உரித்தாள், எல்லா நாளும் போல.

ஒன்றாம் தேதி உண்டியலில் ஆயிரத்து ஐந்நூறு விழுந்தது. அன்று டீ இல்லை. மறுநாளும் இல்லை. பத்தாம் தேதி வரை ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை. ஷேர் ஆட்டோவையும் விட்டு நடந்தே போயிருக்க வேண்டும். நவ்ரீன் செயலியைத் திறந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஆயிரத்து முந்நூறை எடுத்துக் கட்டணத்தைக் கட்டினாள். பதினோராம் தேதி மாலை ஒரு டீ போயிற்று. அதற்குப் பிறகு உண்டியலை மூடும் பேச்சை அவள் எடுக்கவில்லை.

நவ்ரீன் படிப்பை முடித்து, துறைமுகத்துக்கு எதிரே ஒரு சரக்கு முகவர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். முதல் சம்பளத்திலிருந்து ஐந்து உண்டியல்களுக்கும் அவளும் பங்கு போட்டாள். இடையில் டீ பதினைந்தாயிற்று. வாடகை இரண்டு முறை ஏறியது. மூன்றாவது முறை ஏறியபோது இருவரும் சாமான்களை ஒரு குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு மீஞ்சூருக்குக் குடிபோனார்கள். புது விலாசத்தை கமாலுதீனிடம் யாரும் சொல்லவில்லை. கிளம்புகிற அவசரத்தில் இருவருக்கும் நினைவில்லை. குடிபோன மூன்றாம் நாள் காலை ஆறு இருபதுக்குச் செய்தி வந்தது. மீஞ்சூர் ஸ்டேஷனுக்கு எதிரே உள்ள கடை. அங்கே டீ பத்து ரூபாய்தான். ஜெரினா அத்தா செலவில் முந்நூறு ரூபாயைக் குறைத்து, கேஸ்-கரண்டில் சேர்த்தாள்.