வெள்ளி வேணாம்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கிறது என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார். சொல்லட்டும். வருஷக் கடைசியில் ஒரே ஒரு தடவை, வளர்ந்த பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு பள்ளிச் சாமான் விற்கும் கடைக்குள் அவர் போய் வரட்டும். அதற்குப் பிறகும் சிரித்த முகமாக இருந்தால், நான் கோபக்காரிதான் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன்.

இந்தத் தடவை பள்ளி மறுபடியும் ஜனவரியிலேயே திறந்தது. நடுவில் சில வருஷம் பிப்ரவரி, மார்ச் என்று தள்ளிப் போனதில் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. இப்போது அதுவும் போச்சு. தீபாவளிச் செலவு ஆறுவதற்குள் பள்ளிக்கூடம், பள்ளிக்கூடச் செலவு ஆறுவதற்குள் தைப்பூசம். அதிலும் என் மகள் யஷ்வினி தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகிறாள். இதுவரை போட்ட எதுவும் இனி உதவாது. பினாஃபோர் நிறம் வேறு, புத்தகம் வேறு, பைகூடப் பெரிதாக வேண்டுமாம். காலணி மட்டும் அதே கறுப்பு. ஆனால் கால் அதே கால் இல்லையே! எதைத் தின்று இந்தக் கால்கள் இப்படி வளர்கின்றனவோ, கடவுளே.

நான் பினாங்கில், பாயான் லெப்பாசில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டர். வீட்டுக்காரர் குணாளன் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலை பஸ் ஓட்டுகிறார். ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடு. பட்டினி கிடையாது, பகட்டும் கிடையாது. அரசாங்கம் கொடுத்த பள்ளி உதவிப் பணத்தை வாங்கினோம், சந்தோஷம். அது காலணிக் கடையிலேயே தன் வேலையை முடித்துக்கொண்டது. மற்றதை நாங்கள் சமாளித்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் யஷ்வினி வந்து நின்றாள். "ம்மா, நான் கேடட் போலீஸ்ல சேரணும்."

அவளுக்கு அந்த ஆசையைக் கிளப்பி விட்டது ஷர்மிதா. என் கொழுந்தனார் கிஷனின் மகள். யஷ்வினி சேரப்போகும் அதே பள்ளியில் அவள் மூன்றாம் படிவத்துக்குப் போகிறாள். அங்கே மாணவர் போலீஸ் படையில் இரண்டு வருஷமாக இருக்கிறாள். பள்ளி விளையாட்டு விழாவில் அவள் விறைப்பான சட்டையும் பூட்சும் போட்டு, கையை வீசி நடந்ததை என் மகள் பார்த்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் குப்பை கொட்டப் போவதுகூட லெஃப்ட் ரைட்தான். விலை விசாரித்தேன். சட்டை, காற்சட்டை, இடுப்புப் பட்டி, தொப்பி, பூட்ஸ் எல்லாம் சேர்த்து நானூறு வெள்ளிக்கு மேலே. அதற்கு நிஜ போலீசிலேயே சேர்ந்துவிடலாம், அங்கேயாவது சும்மா கொடுப்பார்கள்.

தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தபோது கிஷனின் மனைவி சுபாஷினியே பேச்சை எடுத்தாள். ஷர்மிதா மளமளவென்று வளர்ந்துவிட்டாளாம், பழைய கேடட் சீருடை பூட்சோடு அப்படியே இருக்கிறதாம், யஷ்வினிக்குச் சரியாக இருக்குமாம்.

"சும்மா வேணாம் சுபா. எரநூறு வெள்ளி தர்றேன். சரின்னா சொல்லு," என்றேன்.

அவள் ஒரு கணம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க இஷ்டம்க்கா," என்றாள்.

நான் அப்படித்தான். கிஷன் இன்ஜினியர். கெலுகோரில் கொண்டோ குடியிருப்பில் வீடு, கீழே நீச்சல்குளம். நான் அதை நீச்சல்குளத்து வீடு என்றுதான் சொல்வேன். அந்த வீட்டிலிருந்து சும்மா ஒரு கைக்குட்டைகூட வாங்கக் கூடாது என்பது நான் எனக்கே போட்டுக்கொண்ட சட்டம். பிறகு எந்த விருந்திலாவது "அது நாங்க குடுத்ததுதானே" என்று யாராவது வாய் தவறிச் சொன்னால் எனக்குச் சோறு இறங்காது.

டிசம்பர் விடுமுறையில் ஒருநாள். எனக்கு வெள்ளிக்கிழமை ஓய்வு. அடுப்பில் நெத்திலிச் சம்பல் கொதித்துக்கொண்டிருந்தது. யஷ்வினியைக் கூப்பிட்டேன். "சித்திக்குப் போன் போடு. அம்மா வெள்ளிக்கெழம வர்றாங்கன்னு சொல்லு. எரநூறு வெள்ளியக் கையோட கொண்டாராங்கன்னும் சொல்லு."

அவள் கூடத்தில் நின்று பேசிவிட்டு வந்தாள். "ம்மா, சித்தி வெள்ளி வேணாம்னு சொல்றாங்க. என்னன்னா..."

"வேணாமாமா?" எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஏன் வேணாமாம்? நம்மள என்னான்னு நெனச்சுக்கிட்டா? கையேந்தி நிக்கிறோமா நாம? பேசி முடிச்ச வெலைய இப்ப வேணாம்னா என்னா அர்த்தம்?"

"இல்லம்மா, சித்தி..."

"சித்திக்கு நீ வக்காலத்து வாங்காத, போ!"

அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போய்விட்டாள். சம்பல் அடியில் பிடித்துக்கொண்டது. அதற்கும் சுபாவைத்தான் திட்டினேன்.

வெள்ளிக்கிழமை நான் எங்கேயும் போகவில்லை. வீட்டிலிருந்த திரைச்சீலையை எல்லாம் கழற்றித் துவைத்தேன். கோபம் வந்தால் எங்கள் வீடு சுத்தமாகிவிடும். சாயங்காலம் பஸ்ஸை நிறுத்திவிட்டு வந்த வீட்டுக்காரர், ஈரத் திரைச்சீலைகளைப் பார்த்ததுமே விஷயம் என்னவென்று கேட்டார். சொன்னேன்.

"தம்பி பொண்டாட்டி பாசத்துல குடுக்குது. வாங்கிக்கிட்டா என்னா கொறஞ்சு போயிடுவே? பயிற்சிப் புத்தகம் இன்னும் வாங்கல. அந்தக் காசு அதுக்கு ஆகும்லா."

புத்தகப் பட்டியல் குளிர்பெட்டி மேலே காந்தத்தின் கீழ் தொங்கிக்கொண்டிருந்தது. மானம் பெரிதா புத்தகம் பெரிதா என்று யோசித்தேன். மறுநாள் சனிக்கிழமை, காலை ஷிப்ட் முடிந்ததும் மோட்டாரில் அவர் பின்னால் ஏறிக்கொண்டேன்.

சுபா கதவைத் திறந்து வைத்து வாசலிலேயே நின்றாள். "கரெக்டா வந்துட்டீங்கக்கா," என்றாள். நான் வருவேன் என்று இவளுக்கு யார் சொன்னது என்று ஒரு நொடி தோன்றியது, விட்டுவிட்டேன். சீருடை இஸ்திரி போட்டு மடித்துப் பையில் தயாராக இருந்தது. பூட்சுக்குப் பாலிஷ் போட்டிருந்தாள். வீடு வெந்துகொண்டிருந்தது. ஏர்கான் ஓடவில்லை, காற்றாடிதான். காசுள்ளவர்கள்தான் மிச்சம் பிடிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கிஷனைக் காணவில்லை. வெளியே போயிருக்கிறார் என்றாள்.

தேத்தண்ணீர் குடித்தோம். கிளம்பும்போது பையை நீட்டினாள். நான் பிடித்த பிறகும் அவள் பிடியை விடவில்லை.

"வேற... ஒண்ணும் இல்லையாக்கா?" என்றாள் மெதுவாக.

ஓகோ, அப்படியா சேதி! சும்மா கொடுத்தால் போதாது, நன்றி வேறு சொல்ல வேண்டும். சொல்கிறேன், காது குளிரக் கேட்டுக்கொள் என்று, "ரொம்ப நன்றி சுபா! உன்னோட பெரிய மனசு இந்தப் பினாங்குல யாருக்கு வரும்?" என்றேன். என் குரலில் இருந்த குத்தல் எனக்கே கேட்டது. அவள் முகம் சுண்டிப்போயிற்று. "பரவால்லக்கா," என்று பையை விட்டாள். வழியெல்லாம் அவளைப் பற்றி வீட்டுக்காரர் முதுகிடம் பேசிக்கொண்டே வந்தேன். அன்று சாயங்காலமே அந்த இருநூறு வெள்ளி புத்தகக் கடைக்குப் போய்விட்டது.

பள்ளி திறந்தது. புதன்கிழமைகளில் பிள்ளைகளுக்குப் புறப்பாட நடவடிக்கை, கேடட் பயிற்சியெல்லாம் அன்றைக்குத்தான். முதல் புதன் பேர் கொடுத்ததோடு முடிந்தது. அடுத்த புதனன்று யஷ்வினி அந்தச் சீருடையைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சல்யூட் அடித்தாள். எனக்கே கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன். ஆனால் மத்தியானம் திரும்பி வந்தவள் பூட்சைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஷர்மிதாக்கா கேடட்ல இல்லம்மா."

"ஏன், என்னா ஆச்சு?"

"சட்டை இல்லையாம். இந்த வருஷம் அவங்களத்தான் படைத் தலைவியாப் போடறதா டீச்சர் சொல்லியிருந்தாங்களாம். புதுச் சட்டைக்கு ஆர்டர் குடுக்க இந்த வெள்ளிக்கெழம கடைசி நாளு. அக்கா எனக்கு வேணாம் டீச்சர், நான் நின்னுக்கறேன்னு சொல்லிட்டாங்க. நாங்கல்லாம் மார்ச் பண்றப்ப அவங்க கேன்டீன் பெஞ்சில ஒக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்தாங்கம்மா. என் சட்டையவே பாத்தாங்க."

"அவங்கம்மாகிட்ட இல்லாத காசா? நம்ம வெள்ளியவே வேணாம்னு சொன்ன மகராசியாச்சே!"

யஷ்வினி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "எப்பம்மா சொன்னாங்க?"

"நீதானடி சொன்னே! வெள்ளி வேணாமாம்னு!"

"ஐயோம்மா! அது வெள்ளிக்கெழம வேணாம்னாங்க. வெள்ளிக்கெழம வீட்டுலேருந்து துணிமணி வெளிய குடுக்கக் கூடாதாம், சனிக்கெழம வரச் சொல்லுன்னாங்க. நான் சொல்ல வந்தேன், நீங்கதான் போடின்னு கத்துனீங்க."

எங்கள் ஊரில் காசுக்கும் வெள்ளி, கிழமைக்கும் வெள்ளி. பிறந்ததிலிருந்து இரண்டையும் புழங்குகிறேன், ஒரு நாளும் குழம்பியதில்லை. வெள்ளிக்கிழமை வாசல் தாண்டி எதையும் கொடுத்தால் மகாலட்சுமியும் கூடவே போய்விடுவாள் என்று நானே பக்கத்து வீட்டுக்கு உப்பில்லை என்று சொல்லியிருக்கிறேன். அந்த நான்தான் இரண்டு வார்த்தை கேட்கப் பொறுமையில்லாமல் கத்தியிருக்கிறேன். பாவி, அவள் விலையைப் பற்றிப் பேசவே இல்லை.

வேற ஒண்ணும் இல்லையாக்கா. அந்தக் கேள்வி இப்போதுதான் எனக்குப் புரிந்தது. அவள் காசுக்காக நின்றிருக்கிறாள். நான் நன்றி சொல்லிவிட்டு வந்திருக்கிறேன், அதுவும் நக்கலாக! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

வியாழக்கிழமை ஷிப்டை மாற்றிக்கொள்ள முடியவில்லை, விட்டால் வெள்ளிதான். அந்த வெள்ளிக்கிழமை விடிந்ததும் தைப்பூசத்துக்கென்று எடுத்து வைத்திருந்ததிலிருந்து இருநூறை எடுத்தேன். முருகன் பொறுத்துக்கொள்வார், கடைக்காரன் பொறுக்க மாட்டான். பஸ் பிடித்துக் கெலுகோரில் இறங்கினேன். கொண்டோவுக்குக் கீழே, மோட்டார் நிறுத்தும் இடத்தில் ஒருவர் குனிந்து பின் இருக்கையில் பெரிய சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பார்களே, அந்தப் பெட்டி. நிமிர்ந்தார். கிஷன்.

"அண்ணி..." என்றார்.

"சாப்ட்டியா தம்பி?" என்று மட்டும் கேட்டேன். தலையாட்டினார். லிஃப்டில் ஏறும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது.

மேலே சுபாவிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். வெள்ளியை, சம்பலை, என் வாயை. முதலில் அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் வேற, அக்கா ஏன் இப்படிக் குத்திப் பேசிட்டுப் போறாங்கன்னு ராத்திரியெல்லாம் தூங்கல," என்றாள். "தீபாவளிக்கு முன்னாடியே அவருக்கு வேல போயிடுச்சுக்கா. அண்ணனுக்குக்கூடச் சொல்லக் கூடாதுன்னாரு. ஷர்மி சட்டைக்குப் பாதி சேத்து வெச்சிருந்தேன். உங்க எரநூற நம்பித்தான் மீதிய விட்டுட்டேன்."

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாமேடி!"

"எப்படிக்கா கேப்பேன்? நீச்சல்குளத்து வீடுன்னு நீங்கதானே சொல்வீங்க."

என் வாயிலிருந்து போனது இப்படிச் சுற்றி என்னிடமே வந்தது. பணத்தை எடுத்து நீட்டினேன். அவள் கையை நீட்டப் போனவள் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"ஐயோ, இன்னைக்கு வெள்ளிக்கெழமக்கா! வேணாம். உங்க வீட்டு லட்சுமி வெளிய போயிடுவா. நாளைக்குக் குடுங்க."

"நாளைக்கு ஆர்டர் எடுக்க மாட்டாங்களே."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவ்வளவு வேண்டியிருந்தும், என் வீட்டுக்கு ஒரு குறை வந்துவிடக் கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறாள். நான் அந்தக் கையைப் பிரித்து, நோட்டுகளை உள்ளே வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினேன்.

"போனா போறா, விடு. எங்க போயிடப் போறா? ஜெலுத்தோங்லேருந்து கெலுகோருக்குத்தானே வர்றா. நீ மொதல்ல டீச்சருக்குப் போன் போடு."