காலரில் ஒட்டிய மகரந்தத்தூண்

தம்பியின் தாடை ரெண்டாகப் பிளந்திருந்தது. மண்டையில் பதினெட்டுத் தையல். சிரம்பான் ஆஸ்பத்திரியில் மூக்கிலும் வாயிலும் குழாயோடு நினைவில்லாமல் கிடந்த சத்தியசீலனைப் பார்த்துவிட்டு வெளியே வந்த விமலா அழவில்லை. வாசலில் நின்ற புருஷன் ரவிச்சந்திரனின் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினாள்.

“நீ ஆம்பளைதானே? அந்த பேட்ரிக் காலை ஒடிச்சிட்டு வா. அப்புறம் எங்கிட்ட சோறு கேளு!”

அது வியாழக்கிழமை சாயங்காலம். பேட்ரிக்கைச் சந்தேகப்பட யாருக்கும் ரொம்ப யோசனை வேண்டியிருக்கவில்லை. லாபுவில் இவர்கள் எஸ்டேட்டுக்கு அடுத்த டிவிஷன் பையன். லாரி நிறுத்துகிற இடத்துக்காகப் போன வாரம்தான் சத்தியசீலனோடு கட்டிப் புரண்டிருந்தான். அன்றைக்கு மத்தியானம் ரப்பர் சோதனைத் தோட்டத்திலிருந்து சட்டையெல்லாம் ரத்தமாக ரோட்டுக்கு ஓடி வந்து, “சத்தியா கெடக்குறான், ஆள் வாங்க!” என்று கத்தியவனும் அவன்தான். நல்லா நடிக்கிறான் பார் என்றார்கள்.

ரவிச்சந்திரன் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு போனான். வீட்டுப் பின்னால் குழாயடியில் நின்றவனை முடியைப் பிடித்து இழுத்து வந்தார்கள். “நான் தூக்கத்தான் பாத்தேன்லா! மாதா சத்தியமா!” என்று அவன் அலறினான். யார் கேட்டது? சிமெண்டு கால்வாய் விளிம்பில் காலைக் குறுக்கே வைத்து, ரெண்டு பேர் ஏறி உட்கார்ந்துகொள்ள, ரவிச்சந்திரன் செங்கல் கட்டியைத் தலைக்கு மேலே தூக்கிப் போட்டான். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. முட்டிக்குக் கீழே எலும்பு வெளியே வந்துவிட்டது. மேலே விழுந்து மறைத்த அம்மாக்காரி பெர்னதெத்துக்கும் விலாவில் ஒரு உதை.

வீட்டுக்கு வந்து அவன் இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னான். விமலா கேட்டுக்கொண்டே மீன் குழம்பு ஊற்றினாள். சந்தோஷமாகவே ஊற்றினாள், அதை ஏன் மறைக்க வேண்டும்?

சனிக்கிழமை காலையில்தான் துணி துவைக்க உட்கார்ந்தாள். வியாழக்கிழமை அவன் காலையில் போட்டுப் போன நீலச் சட்டை வாளியின் அடியில் சுருட்டிக் கிடந்தது. காலரில் ரப்பர் பால் காய்ந்து பிசுக்காக ஒட்டியிருந்தது. எழவு, இது போகாதே என்று நகத்தால் சுரண்டியவளின் கை அப்படியே நின்றது.

பாலுக்குள் ஒரு மஞ்சள் பொட்டு. கடுகை விடக் கொஞ்சம் நீளம். வேறு யாராவது என்றால் அழுக்கு என்று தேய்த்துப் போட்டிருப்பார்கள். விமலா எட்டு வருசமாக அந்தச் சோதனைத் தோட்டத்தில் ரப்பர் பூவுக்கு மகரந்தம் சேர்க்கிறவள். சாரம் கட்டி, மரத்து உச்சியில் நின்று, ஆண் பூவைப் பிய்த்து உள்ளே இருப்பதை இடுக்கியால் உருவி, பெண் பூவுக்குள் வைத்து, ரப்பர் பாலில் தோய்த்த பஞ்சால் அடைக்கிற வேலை. ஆபிசர் ரோகினி எல்லாருக்கும் பேர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஆண் பூவுக்குள் இருப்பது மகரந்தத்தாள். மற்ற பூவில் அதற்கு ஒரு கம்பி, கம்பி நுனியில் மகரந்தப்பை. செம்பருத்தியில் கம்பியெல்லாம் சேர்ந்து நீளக் குழலாக நிற்கும். ரப்பரில் தனிக் கம்பியே கிடையாது. நடுவில் ஒரு தூண், அதில் பத்துப் பைகள் நேராக ஒட்டிக்கொண்டு, மேலே அஞ்சு, கீழே அஞ்சு.

வேலைக்குக் கொடுத்த பூதக்கண்ணாடியை எடுத்து வந்து வைத்துப் பார்த்தாள். மேலே அஞ்சு, கீழே அஞ்சு.

ரப்பர் மரத்தில் ஆண் பூ தானாக விழுந்தால் முழுப் பூவாகத்தான் விழும். தூண் மட்டும் அம்மணமாக வெளியே வருவது இடுக்கிக்காரிகள் கையால்தான். அது கிடக்கிற இடம் சாரத்துப் பலகை. வியாழக்கிழமை மத்தியானம் பொம்பளைகள் சாப்பிட இறங்கிப் போன நேரத்தில்தான் சாரத்தடியில் சத்தியசீலனை யாரோ அடித்துப் போட்டார்கள். பலகை மேலே விமலா வைத்துவிட்டுப் போன பால் குவளை கவிழ்ந்து கிடந்ததை அவளே பார்த்தாள். அடிதடியில் சாரத்துக் காலில் மோதியிருக்கிறார்கள். பாலும் தூணுமாகக் கீழே நின்றவன் கழுத்தில் கொட்டியிருக்கிறது.

ரவிச்சந்திரன் அன்றைக்கு நீலாய் டவுனில் மோட்டார் சைக்கிள் ரிப்பேர் செய்துகொண்டிருந்ததாகச் சொன்னவன்.

“ஐயோ பாவி,” என்றாள். யாரைச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவன் காப்பிக் குவளையோடு பின்வாசலுக்கு வந்தான். சட்டையை விரித்துப் பிடித்தாள். “வியாழக்கிழமை சாரத்தடிக்கு எதுக்குப் போன?”

“என்னடி ஒளறுற? உன் துணியிலேர்ந்து ஒட்டியிருக்கும்லா.”

“என் வேல துணிய நான் ஸ்டோர்லயே துவைச்சுக் காயப் போடுறவ. பத்து வருசமா எங்கூடப் படுத்த, இதுகூடவா தெரியல?”

குவளை பறந்து வந்து அவள் நெற்றியில் உடைந்தது. அடுத்த நிமிஷம் முடி அவன் கையில், முகம் துவைக்கிற கல்லில். “உன்ன இனி தொட்டா வெட்டுவேன்னான் உன் தம்பி. எம் பொண்டாட்டிய நான் அடிக்கறதுக்கு அவன் யாரு? எங்க வேணா வந்து பாருடான்னான், வந்து பாத்தேன். நாந்தான்டி அடிச்சேன்! இரும்புக் கம்பியால அடிச்சேன்! கொடு சட்டைய!”

சட்டையை வயிற்றுக்கடியில் வைத்துச் சுருண்டுகொண்டாள். முதுகில் மிதித்தான். சுண்டுவிரலைப் பின்னால் மடக்கினான், சுள்ளி மாதிரி ஒடிந்தது. அப்போதும் விடவில்லை. அவன் கணுக்காலில் பல் எலும்பில் படுகிற வரைக்கும் கடித்தாள். அவன் கத்திக்கொண்டு விழ, பக்கத்து வீட்டு சன்னாசி ஓடி வந்து மேலே பாய்ந்து அமுக்கிப் பிடித்தார். விமலா சட்டையையும் பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, ரத்த வாயோடு மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்பினாள்.

போலீஸ் நிலையத்துப் பெஞ்சில் பெர்னதெத் உட்கார்ந்திருந்தாள். விலாவில் கட்டு. மகனை அடித்தவர்கள் பேரைக் கொடுக்க வந்திருந்தாள். விமலாவின் முகத்தைப் பார்த்ததும் பதறி எழுந்தாள். “உன்னையும் அடிச்சிட்டானா அந்த நாய்? நீ என்னம்மா பண்ணுவ, பாவம்.”

விமலா சட்டையை மேசையில் விரித்தாள். பூதக்கண்ணாடியைக் கார்ப்பரல் கையில் கொடுத்து, தூணையும் பைகளையும் எண்ணிக் காட்டி, இது எங்கே மட்டும் கிடைக்கும் என்று மலாய் மொழியில் சொன்னாள். அவர் ரெண்டு தடவை எண்ணினார். பிறகு எழுத ஆரம்பித்தார்.

“சரி, தம்பிய அடிச்சது உன் புருஷன். அப்ப பேட்ரிக்க ஏன் அடிச்சான்?” என்று கேட்டார் கார்ப்பரல்.

பேசாமல் இருந்திருக்கலாம். முகத்தில் வழிகிற ரத்தத்தைப் பார்த்தால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டார்கள். பெர்னதெத் பக்கத்தில் நின்று தன் கைக்குட்டையால் அவள் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“நாந்தான் அனுப்புனேன்,” என்றாள் விமலா. “காலை ஒடிச்சிட்டு வான்னு சொன்னது நான். அதையும் எழுதுங்க.”

கைக்குட்டை நின்றது. பெர்னதெத் அவளைத் திருப்பி நிறுத்தி, விலா வலியையும் மறந்து, ஓங்கி அறைந்தாள். விமலா சுவரில் போய் மோதினாள். கார்ப்பரல் மேசையைச் சுற்றி ஓடி வந்தார்.

“விடுங்க சார், அடிக்கட்டும்.”

பெர்னதெத் மறுபடி கையை ஓங்கினாள். கை இறங்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இன்னைக்குக் காலையிலதான்டி எடுத்தாங்க,” என்றாள். “முட்டிக்குக் கீழ ஒண்ணுமில்ல. கால் எங்கம்மா, கால் எங்கம்மான்னு கேக்குறான். நீ வந்து சொல்லு அவனுக்கு. வா, நீயே வந்து சொல்லு.”