பதினொரு மணிக்கு நிற்கும் தண்ணீர்

காலையில் குழாயின் வாயில் வாயை வைத்து ஒரு இழு இழுத்துவிட்டால், தண்ணீர் கட்டைவிரல் பருமனுக்கு விழும். எட்டு மணிக்கும் அப்படியே விழும். பத்துக்கு மேல் வெயில் ஏற ஏறச் சுண்டுவிரலாகும். பதினொரு மணிக்கு நூலாகி, சொட்டாகி, நின்றுவிடும். நாலு நாளாக இதே கதை.

காற்றுதான் அடைக்கிறது என்று விஜயபாண்டிக்கு முதல் நாளே தெரியும். ஊற்றுத் தண்ணீர் குளிர்ந்தது. அதில் கரைந்திருக்கிற காற்று, வெயிலில் காயும் கறுப்பு ஓஸுக்குள் வந்ததும் குமிழ் குமிழாகப் பிரியும். பிரிந்த காற்று எங்கே மேடு இருக்கிறதோ அங்கே போய் உட்காரும். உட்கார்ந்தால் தண்ணீருக்கு வழி கிடையாது. இருபது வருஷமாகக் குரங்கணிக்கு மேலே ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஓஸ் இழுத்தவனுக்கு இது பால பாடம். அவனுக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்று. அவன் போட்ட லைனில் மேடே கிடையாது. பிறகு காற்று எங்கே உட்காருகிறது?

ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா. போடியிலிருந்து குரங்கணி போகும் ரோட்டோரம், முன்பு பிள்ளைகள் இல்லம் இருந்த இடத்தில் ஒரு கல்லும் ஒரு குடிதண்ணீர்க் குழாயும் வைக்கிறார்கள். மலைமேல் தோட்டங்களில் வேலை பார்த்தவர்கள், கீழே படிக்கட்டும் என்று பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட இல்லம் அது. அங்கே அடி உண்டு. அடிக்குப் பிறகு பின்கட்டு அறையில் போட்டுப் பூட்டுவதும் உண்டு. ஒரு நாள், சில சமயம் இரண்டு நாள், தண்ணீர் இல்லாமல். அதனால்தான் நினைவுச் சின்னமாகச் சிலை வேண்டாம், போகிறவர் வருகிறவர் எல்லாரும் குடிக்கிற மாதிரி எந்நேரமும் தண்ணீர் வரும் குழாய் ஒன்று போதும் என்று, அங்கே வளர்ந்தவர்கள் கூடி முடிவு செய்தார்கள். பெயர் போடச் சம்மதம் கொடுத்த முப்பத்தொரு பேரின் பெயரைக் கல்லில் வெட்டியாயிற்று. முதல் பெயர் ஈஸ்வர்.

விஜயபாண்டியின் பெயர் கல்லில் இல்லை. அவனும் அங்கே நாலு வருஷம் இருந்தவன்தான். அது ஈஸ்வருக்குத் தெரியும். கட்டின மனைவி பானுப்பிரியாவுக்குத் தெரியாது. கம்பத்தில் மாமா வீட்டில் படித்ததாக அவளிடம் சொல்லி வைத்திருந்தான்.

அவளோ ஈஸ்வரின் பேச்சைப் போனில் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டாள். இல்லத்தைப் பற்றிய விசாரணையில் முதல் ஆளாக எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னவர், அங்கே இருந்த வார்டனை ஜெயிலுக்குள் தள்ளியவர் அவர்.

"அந்தண்ணனுக்கு எம்புட்டுத் தைரியம் பாருங்க. நீங்கள்லாம் ஓனர்ட்ட கூலி பாக்கி கேக்கவே ரெண்டு நாளு யோசிப்பீக" என்றாள் புதன்கிழமை ராத்திரி சோறு போடும்போது.

சிரிக்கத்தான் சொன்னாள். அவன் பாதிச் சோற்றோடு எழுந்து கையைக் கழுவினான்.

ஈஸ்வருடைய பேச்சுத் திறமை மீதோ, டீக்கடையில் அவனுக்கு எழுந்து இடம் கொடுக்கிறார்களே அந்த மரியாதை மீதோ விஜயபாண்டிக்குப் பெரிய பொறாமை கிடையாது. இருந்தது, ஆனால் அது மேலே மிதக்கிற நுரை. அடியில் கிடந்தது வேறு. பத்து வயதில் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் இல்லத்தில் நடப்பதைத் தங்கள் அப்பாக்களிடம் சொன்னார்கள். ஈஸ்வரின் அப்பா அன்றைக்கே மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி, பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார். விஜயபாண்டியின் அப்பா, "சேட்டை பண்ணாமப் படிடா" என்று சொல்லி இல்லத்து வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஒருவன் சொன்னது எடுபட்டது, இன்னொருவன் சொன்னது எடுபடவில்லை. முப்பது வருஷம் கழித்தும் ஊரே ஈஸ்வர் சொல்வதைத்தான் கேட்கிறது. இந்த நினைப்பு வரும்போதெல்லாம் விஜயபாண்டிக்கு வாய் கசக்கும். குழாய் வேலையை ஈஸ்வர் அவனுக்கே கொடுத்ததும்கூடப் பிச்சை போட்ட மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை காலையில் ஈஸ்வர் வந்தான். ஏலக்காய் மண்டியில் தரம் பார்க்கிறவன். கிட்டே வந்தாலே ஏலக்காய் வாசம் அடிக்கும்.

"என்ன மாப்ளே, பதினொரு மணிக்குத் தண்ணிக்கும் டீ நேரமா?"

"நீ வந்து நாலு வார்த்த பேசு. உன் பேச்சுக்கு எல்லாம் அசையுதுல்ல, தண்ணியும் அசையும்" என்றான் விஜயபாண்டி.

ஈஸ்வர் லைனைப் பார்த்துக்கொண்டே நடந்தான். பிறகு மட்டம் பார்த்தாயா என்று கேட்டான். கண்மட்டமே போதும் என்று விஜயபாண்டி சொல்ல, கூட ஒரு ஆள் இருக்கும்போது டியூப்பைப் பிடித்துப் பார்த்தால் என்ன குறைந்துவிடும் என்றான் அவன்.

மட்டம் பார்க்கிற டியூப் மிக எளிய சாமான். ஐம்பதடி நீளத்தில் கண்ணாடி மாதிரியான ரப்பர்க் குழாய், அதற்குள் தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு முனையும் திறந்திருந்தால், நடுவில் குழாய் எப்படிச் சுருண்டு கிடந்தாலும், இந்த முனையில் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதே உயரத்தில்தான் அந்த முனையிலும் நிற்கும். ஆளுக்கு ஏற்றமாதிரி மாற்றிச் சொல்ல அதற்குத் தெரியாது. ஒரே சங்கடம், இரண்டு முனைக்கும் இரண்டு பேர் வேண்டும்.

ஊற்றுத் தொட்டியின் நீர்மட்டத்தோடு ஒரு முனையைப் பிடித்து ஈஸ்வர் நின்றான். மறுமுனையை எடுத்துக்கொண்டு விஜயபாண்டி லைனோடு இறங்கினான். டியூப்பில் தெரிகிற நீர்மட்டத்திலிருந்து ஓஸ் எவ்வளவு கீழே கிடக்கிறது என்று டேப்பால் அளந்தான். ஓரடி. இரண்டடி. மூன்றடி. நாலடி. இறங்க இறங்க அளவு கூடத்தான் வேண்டும். நாற்பதடி தூரத்தில் ஒரு இடத்தில் டேப் ஒன்றரை அடி காட்டியது. தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று மறுபடி அளந்தான். ஒன்றரை அடிதான்.

அப்போதுதான் தான் நிற்கிற இடத்தைப் பார்த்தான். இல்லத்தின் சுவர்கள் எல்லாம் இடிந்து போயிருந்தாலும், பின்கட்டு அறையின் கல் அஸ்திவாரமும் சிமெண்டுத் தரையும் அப்படியே கிடந்தன. மற்ற இடமெல்லாம் பாறையைக்கூடக் கடப்பாறையால் நெம்பி ஓஸைப் பள்ளத்தில் பதித்தவன், இங்கே மட்டும் கடப்பாறையைத் தொடவில்லை. ஓஸை அந்த மேடையின் மேலேயே தூக்கிப் போட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு சுற்றிப்போய் மறுபக்கம் இழுத்திருக்கிறான். இத்தனை நாளும் லைன் நெடுக நடந்து தேடியபோதும் இந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான். இருபது வருஷ வேலையில் அவன் போட்ட முதல் மேடு.

"என்ன அளவு வருது?" என்று மேலேயிருந்து ஈஸ்வர் கேட்டான்.

விஜயபாண்டி டேப்பை மூன்றாவது முறை வைத்து அளந்தான். ஈஸ்வர் டியூப்பைக் கல்லில் செருகி வைத்துவிட்டு இறங்கி வந்தான். பார்த்ததும் அவனுக்குப் புரிந்தது. இரண்டு பேரும் அந்தத் தரையின் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"எங்கப்பன் நம்பல. உங்கப்பன் நம்புனாரு. அதாண்டா எனக்கு உம்மேல..." என்றான் விஜயபாண்டி.

"தெரியும்" என்றான் ஈஸ்வர். "எனக்கும் உன்னையக் கண்டா ஆகாது, தெரியுமா? மண்டியில நான் காயை மோந்து பாத்துத் தரம் சொன்னா, யாவாரி காயப் பாக்க மாட்டான். என் மூஞ்சியப் பாத்து, 'அப்புறம் என்னண்ணே பண்ணுனாய்ங்க'ன்னு கேப்பான். எம்மகளப் பொண்ணு பாக்க வந்தவுகளும் அதைத்தான் கேட்டாக. உன்னைய எல்லாரும் பைப்புக்காரருங்கிறாக. அந்தப் பேரு எனக்குக் கிடைக்கல மாப்ளே" என்றான்.

தன்மேலும் ஒருவன் பொறாமைப்படுவான் என்று விஜயபாண்டி கனவிலும் நினைத்ததில்லை. சந்தோஷமா வருத்தமா என்று பிரித்துச் சொல்ல அவனால் முடியவில்லை. பொறாமை தீர்ந்துவிடவும் இல்லை. ஆனால் தன்னிடம் மட்டுமே இருப்பதாக நினைத்திருந்த சாமான் பக்கத்து வீட்டிலும் கிடக்கக் கண்டது போல் இருந்தது.

தரையை வெட்டி ஓஸை இறக்க நாளைக்கு ஆள் அனுப்புகிறேன், நீ இதைத் தொட வேண்டாம் என்றான் ஈஸ்வர். விஜயபாண்டி யோசித்தான். வெட்டினால் அந்த அறை இருந்த தடமே போய்விடும். வேண்டாம், கிடக்கட்டும் என்றான். ரோட்டோரம் நிறுத்தியிருந்த ஜீப்பில் கிடந்த சாமான் பெட்டியை எடுத்துவரச் சொல்லிவிட்டு, முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்தத் தரையின்மேல் ஏறி நின்றான். பிறகு ஓஸை அறுத்தான்.

வேலை முடிய ஒன்பதரை ஆனது. இனிப் பதினொரு மணி வரை காத்திருப்பதுதான் சோலி. அந்த ஒன்றரை மணி நேரத்தில் அவன் பானுப்பிரியாவுக்குப் போன் போட்டான். குழாய் சரியாகிவிட்டதா என்று கேட்டாள். அநேகமாக என்றான். எங்கே கோளாறு என்றாள்.

"ஒரு எடத்துல மேடாப் போட்டுட்டேன்."

"நீங்களா? ஏன்?"

ஏன் என்று சொன்னான். கம்பத்தில் மாமா வீடு என்று ஒன்று கிடையாது என்பதிலிருந்து ஆரம்பித்துச் சொன்னான். கடைசியில் அவள், அடுத்த பஸ்சுக்கு வர்றேன், அங்கேயே இருங்க என்று மட்டும் சொன்னாள். அவன் சொன்னதை அவள் ஒரு கணமும் சந்தேகப்படவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. கல்லில் கீழே இன்னும் ஒரு வரிக்கு இடம் இருக்கிறது என்று ஈஸ்வர் எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான். விஜயபாண்டி பார்க்கலாம் என்றான்.

பதினொரு மணி ஆனது. பன்னிரண்டும் ஆனது. குழாயில் தண்ணீர் கட்டைவிரல் பருமனுக்கு விழுந்துகொண்டே இருந்தது.

அவன் செய்தது இவ்வளவுதான். அறைத் தரையின் மேல் லைன் மேடாகிற உச்சியில் ஓஸை அறுத்து, மூன்று வாய் உள்ள 'டீ' இணைப்பு ஒன்றை மாட்டினான். அதில் இரண்டரை அடிக் குழாய் ஒன்றை நட்டக்குத்தலாக நிறுத்தினான். தொட்டியின் நீர்மட்டம் அங்கிருந்து ஒன்றரை அடி உயரம்தான் என்பதால், அதைவிட ஓரடி கூடுதலாக நிற்கிற குழாயின் வழியே தண்ணீர் வெளியேறாது, காற்று மட்டும் வெளியேறும். மழையும் பூச்சியும் விழாமல் இருக்க அதன் வாயைக் கீழ்நோக்கி வளைத்து, கொசுவலைத் துண்டு ஒன்றைக் கட்டிவிட்டான்.