தண்ணீர் கணுக்கால் அளவுதான்

கடல் சந்துக்குள் வந்திருந்தது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது அப்படித்தான். வடிகால் வழியே ஏறி வந்து வாசல்படியைத் தொட்டுப் பார்க்கும். மதியத்துக்குள் திரும்பிப் போய்விடும். பெக்காலோங்கான் நகரின் கரையோரச் சந்துகளில் அதை யாரும் வெள்ளம் என்று சொல்வதில்லை.

குஸ்தீரா வாசலோரம் உட்கார்ந்து கணவர் ரஸ்மாடியின் வலது கையை மடியில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தாள். தினமும் ஐம்பது முறை விரிக்க வேண்டும், ஐம்பது முறை மடக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். பதினான்கு மாதமாகச் செய்கிறாள். ஐஸ் ஆலையில் பாளம் பாளமாக ஐஸ் இழுத்த கை அது. இப்போது யாரோ கொடுத்துவைத்துவிட்டுப் போன பொருள் போலக் கிடந்தது.

பக்கவாதத்தில் பேச்சும் போயிருந்தது. மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "நாய்." சோறு வேண்டும் என்றாலும் நாய், போதும் என்றாலும் நாய். பள்ளிவாசல் இமாம் நலம் விசாரிக்க வந்தபோது, கண்ணில் நீர் ததும்ப அவர் கையைப் பற்றிக்கொண்டு "நாய்" என்றார். இமாம் நல்ல மனிதர். ஆமீன் சொல்லிவிட்டுப் போனார்.

குஸ்தீரா எண்ணிக்கொண்டே விரிப்பாள். பேச்சுப் போனவர்களுக்கும் எண்ணிக்கை சில சமயம் வரும், நீங்கள் தொடங்கிவையுங்கள் என்று பயிற்சி கொடுத்த பெண் சொல்லியிருந்தாள். ரஸ்மாடி ஒருநாளும் கூடச் சேர்ந்து எண்ணியதில்லை.

குஸ்தீரா உடம்பு பிடித்துவிடுகிறவள். முப்பது வருடம் அந்தச் சந்தில் யாருக்கு உடம்பில் காற்றுப் பிடித்து வலித்தாலும் அவளைத்தான் கூப்பிட்டார்கள். எண்ணெய் தடவி, தேய்ந்த பழைய செப்புக் காசால் முதுகைச் சுரண்டுவாள். செந்நிறக் கோடுகள் எழும்பினால் காற்று இறங்கிவிட்டது என்று அர்த்தம். ரத்தக் கொதிப்பைக்கூட அவள் கட்டைவிரல்தான் சொல்லும். பிடரியை அழுத்திப் பார்த்து, விறைப்பாக இருந்தால் மாத்திரை போடு என்பாள். மெத்தென்று இருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்பாள். ரஸ்மாடியும் அப்படித்தான் மாத்திரை போட்டார், போடாமல் விட்டார்.

இப்போது அந்தச் செப்புக் காசு அரிசிப் பானைக்கு அடியில் இருந்தது. மணிக்கட்டு வலிக்கிறது என்று ஊருக்குச் சொல்லியிருந்தாள். அவர் பிடித்து நடக்கச் சுவரில் மூங்கில் பிடி வைத்தாயிற்று. கருவாடு வீட்டுக்குள் வருவதில்லை. பிடரி என்ன சொன்னாலும் காலையில் ஒரு மாத்திரை, இரவில் இரண்டு.

எதிர்வீட்டு உமியா தண்ணீரை அளைந்துகொண்டு வந்தாள்.

"அக்கா, காச எடுத்துக்கிட்டு வா. எங்க வீட்டுக்காரருக்குக் காத்துப் பிடிச்சிருக்கு. காபி குடிச்சா வாயோரமா வழியுது."

சந்தின் அகலம் நாலே எட்டு. எதிர்வாசலில் உமியாவின் கணவன் தஸ்ரிபின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். குஸ்தீராவைப் பார்த்துச் சிரித்தான். சிரிப்பு ஒரு பக்கம்தான் ஏறியது. இரண்டு கையையும் தூக்கச் சொன்னாள். இடது கை பாதிவரை வந்து, தானாகத் தாழ்ந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டாள். ஆறு மணிச் செய்தி தொடங்கியபோது நன்றாகத்தான் இருந்தான், பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்றாள் உமியா. வண்டி கூப்பிடலாம் என்று குஸ்தீரா சொன்னதும் உமியாவுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"தண்ணி நிக்குதே அக்கா. உங்க வீட்டுக்காரருக்கே அன்னைக்குத் தண்ணியில வண்டி வரலையே. வடியட்டும், அதுவரைக்கும் நீ சுரண்டிவிடு. நேத்துகூட உன்னை மாதிரியே பிடரியத் தொட்டுப் பாத்தேன், மெத்துனுதான் இருந்துச்சு. மாத்திரை வேண்டாம்னுட்டேன்."

குஸ்தீரா தண்ணீரில் நின்றாள். ஒரு வாழைமட்டை மிதந்து வந்து அவள் காலில் தட்டி நின்றது. ரஸ்மாடி விழுந்த நாளைப் பற்றி ஊருக்குச் சொன்ன பொய் ஊரிலேயே தங்கிவிடும் என்று நினைத்திருந்தாள். அது சந்தைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போய், இன்னொருவன் உயிரின் மேல் உட்கார்ந்திருந்தது. பின்னால் வாசலில் ரஸ்மாடி இருந்தார். அவருக்குப் பேச்சுத்தான் போயிருந்தது, காது போகவில்லை.

"தண்ணி கணுக்கால் அளவுதான் இருந்துச்சு, உமியா," என்றாள். "வண்டி வரலைன்னது பொய். நான் கூப்பிடவே இல்ல. சுரண்டிக்கிட்டு இருந்தேன். முதுகு செவந்துச்சு, காத்து எறங்கிடுச்சுன்னு தூங்கவச்சேன். பத்தரைக்குத்தான் கூட்டிட்டுப் போனேன். சீக்கிரம் வந்திருந்தா ரத்தக்கட்டைக் கரைக்கிற ஊசி போட்டிருக்கலாம்னாங்க டாக்டரம்மா."

திரும்பிப் பார்க்கவில்லை.

ஐஸ் ஏற்றும் மூன்று சக்கர வண்டிக்காரனைப் போனில் கூப்பிட்டாள். சக்கரம் பாதி முங்க, பத்தே நிமிடத்தில் வந்து நின்றான். உமியா புருஷனுக்கு இனிப்புத் தேநீர் புகட்டப் போனாள். வாயில் எதுவும் ஊற்றாதே, மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்று குஸ்தீரா டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள். பேனா எடுத்து உமியாவின் உள்ளங்கையில் 'ஆறு மணி' என்று எழுதினாள். ஆஸ்பத்திரியில் வேறு எதையும் சொல்வதற்கு முன் இதைக் காட்டு, ஆறுக்கு நன்றாக இருந்தார் என்று சொல் என்றாள்.

வண்டி அவர்களை ஏற்றிக்கொண்டு போனதும் குஸ்தீரா வீட்டுக்குள் வந்தபோது ரஸ்மாடி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பியிருந்தார். வலது கையைக் கைலிக்குள் இழுத்து மறைத்திருந்தார்.

மூன்று நாள் அந்தக் கை வெளியே வரவில்லை. எண்ணெய்க் கிண்ணத்தோடு பக்கத்தில் உட்காருவாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்துபோவாள். மாத்திரையைத் தானே இடது கையால் எடுத்தார். சிந்தியதையும் தானே பொறுக்கினார். அவளைப் பார்த்து ஒரு தடவைகூட நாய் என்று சொல்லவில்லை. வீடு இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று அவளுக்கு அதற்குமுன் தெரியாது.

நாலாம் நாள் உமியா மாற்றுத்துணி எடுக்க வந்தாள். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததால் ஊசி போட்டார்களாம். டம்ளரைத் தானே பிடிக்கிறானாம். நாக்குத்தான் இன்னும் கொஞ்சம் குழறுகிறது.

"ஆனா எங்கம்மாவத் திட்டுறது மட்டும் தெளிவா வருது அக்கா," என்று சொல்லிவிட்டு அழுதாள்.

ரஸ்மாடி முழுவதையும் கேட்டார். பிறகு கைலியை விலக்கித் தன் கையைப் பார்த்தார். குஸ்தீராவுக்கு உள்ளே ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடவில்லை.

உமியா போனதும் அவர் இடது கையை நீட்டிச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். என்ன கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"விடியக்காலைத் தொழுகைக்கு அழைச்சு முடிச்ச ஒடனே விழுந்தீங்க. நாலே முக்கால். ஆறரை வரைக்கும் சுரண்டினேன். அப்புறம் தூங்கட்டும்னு போர்த்திவிட்டுச் சந்தைக்குப் போனேன். கருவாடு வாங்கிட்டு வந்தேன்."

கருவாடு வாங்கியதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூட. மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கடல் இறங்கிப்போன சந்தில், சுவரோடு உப்புக்கோடு காய்ந்துகொண்டிருந்தது. அவர் கண்ணை மூடித் திறந்தார், பலமுறை.

வெயில் வாசல்படிக்கு வந்தபோது, இடது கையால் வலது கையைத் தூக்கினார். அவள் மடியில் வைக்கவில்லை. இருவருக்கும் நடுவே, நாற்காலியின் கைப்பிடியில் வைத்தார்.

அவள் எண்ணெயைத் தொட்டுக்கொண்டாள். ஒன்று. இரண்டு. எண்ணிக்கை அங்கேயே நின்றது.

"மூ... ணு," என்றார் அவர். துருப்பிடித்த தாழ்ப்பாள் விலகுவது போல இருந்தது அந்தக் குரல்.

அவள் விரலை விரிக்க மறந்து உட்கார்ந்திருந்தாள்.

"நாய்," என்று அதட்டினார். பிறகு, "நாலு."